கோடு 1650, நம்பர் 1800, லேஅவுட்ல 82.5: டைமென்ஷன்ல எதை நம்புறது? (விசைப்படகு ஐஸ் பெட்டி ட்ராயிங், ஆட்டோகேட்)

தெற்குவாடி தம்பி:

அண்ணன்மாரே ஒரு உதவி வேணும். மண்டபத்துல ஒரு வெல்டிங் பட்டறையில இருக்கேன், டிப்ளமோ மெக்கானிக்கல், ஆட்டோகேட் (கம்ப்யூட்டர்ல ட்ராயிங் போடுற சாஃப்ட்வேர்) காலேஜ்ல கொஞ்சம் படிச்சது, மத்தது தட்டித் தட்டிப் பழகுனது. இப்ப மீன்பிடித் தடைக்காலம்ங்கறதால விசைப்படகு பூரா கரையேறி நிக்குது, பெயிண்டு, பலகை, இன்ஜின் வேலை, ஐஸ் பெட்டி மாத்துறதுன்னு பட்டறையில நிக்க நேரமில்ல. ஜூன் 14 முடிஞ்சா டோக்கன் வாங்கிட்டு கடலுக்குப் போயிருவாக, அதுக்குள்ள பெட்டியை இறக்கிக் குடுக்கணும்.

விஷயம் இதுதான். படகுக்காரர் ஒரு பழைய ட்ராயிங் ஃபைல் குடுத்தாரு, முன்னாடி யாரோ வரைஞ்சு குடுத்தது. உள்ள எஸ்எஸ் 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகடு, நடுவுல பஃப் (குளிர் போகாம தடுக்குற நுரை), வெளிய ஃபைபர். ப்ளான், எலிவேஷன், ஒரு செக்‌ஷன், அப்புறம் வடிகால் ஓட்டைக்கு ஒரு பெரிசு பண்ணுன டீட்டெயில். மெயின் வ்யூ 1:20, டீட்டெயில் 1:5, ஏ3 ஷீட். யூனிட் மி.மீ.

பெட்டி நீளத்துக்கு டைமென்ஷன் 1800ன்னு எழுதியிருக்கு. எனக்கு சந்தேகம் வந்து டிஸ்ட் கமாண்ட் போட்டு அளந்தா அந்தக் கோடு 1650 தான் இருக்கு. சரி ஏதோ குளறுபடின்னு லேஅவுட்டுக்கு (பிரிண்ட் எடுக்குற தாள் பக்கம்) போயி நானே புதுசா ஒரு லீனியர் டைமென்ஷன் போட்டேன், அது 82.5ன்னு காட்டுது! ஒரே கோட்டுக்கு மூணு நம்பர். கோட்டை ஸ்ட்ரெட்ச் பண்ணிப் பாத்தேன், கோடு நீளுது, டைமென்ஷன் அம்பும் கூடவே போகுது, ஆனா 1800 மட்டும் அசையாம நிக்குது.

இன்னொண்ணு, மாடல் ஸ்பேஸ்ல (நெசமான அளவுல வரையிற பக்கம்) நான் போடுற டைமென்ஷன் எழுத்து எறும்பு மாதிரி கூட இல்ல, புள்ளி மாதிரி இருக்கு. ஸும் பண்ணுனாதான் நம்பர்னே தெரியுது. பிரிண்ட்ல ஒண்ணுமே வராது.

தகடு வெட்ட மேஸ்திரி கேட்டுக்கிட்டே இருக்காரு. எந்த நம்பரைக் குடுக்க? டைமென்ஷன் ஸ்டைல்ல (எழுத்து, அம்பு எல்லாம் எப்படி வரணும்ங்கற செட்டிங்) எதை மாத்தணும்? தெரிஞ்சவக சொல்லுங்க.


சும்மா பாக்குறவன்:

புது ஃபைல் ஓபன் பண்ணி திரும்ப வரைஞ்சிரு மாப்ள, ஒரு பெட்டிதானே.


கீழக்கரை காக்கா (துபாய்):

மேல சொன்னவர் சொன்னது கடைசி வழி. ஆனா திரும்ப வரையறதுக்கும் எந்த நம்பர் சரின்னு தெரியணும்ல, அதனால முதல்ல வியாதியைப் பாப்போம். தம்பி சொல்றதுல மூணு தனித்தனிப் பிரச்சனை இருக்கு, ஒண்ணோட ஒண்ணு கலந்து கெடக்கு.

82.5 தான் ஈஸி. 82.5ஐ 20ஆல பெருக்கிப் பாருங்க, 1650. அதாவது லேஅவுட்ல போட்ட டைமென்ஷன் பேப்பர் மேல எவ்வளவு தூரம்னு அளக்குது, வ்யூபோர்ட் (தாள்ல மாடலைக் காட்டுற ஜன்னல்) வழியா உள்ள போயி மாடலை அளக்கல. அதுக்குக் காரணம் டிம்அசோக்னு ஒரு செட்டிங். கமாண்ட் லைன்ல டிம்அசோக்னு அடிச்சு என்ன மதிப்பு இருக்குன்னு பாருங்க, உங்க ஃபைல்ல 1ஆ இருக்கும்னு நெனைக்கிறேன். 2 தான் வேணும். 2 இருந்தா லேஅவுட்ல நின்னுக்கிட்டு வ்யூபோர்ட்டுக்குள்ள இருக்குற மூலையை ஓஸ்னாப்ல (மூலை, முனையைச் சரியா கவ்வுற வசதி) புடிச்சு டைமென்ஷன் போட்டாலே 1650ன்னு நெசமான அளவு வந்திரும், கோடு மாறுனா நம்பரும் மாறும். 1ன்னா அந்த ஒட்டுதல் இல்ல. 0ன்னா இன்னும் மோசம், டைமென்ஷனே இருக்காது, வெறும் கோடு, அம்பு, எழுத்துன்னு உதிரியா விழும். இதுல ஒரு சூட்சுமம் என்னன்னா இந்த செட்டிங் டைமென்ஷன் ஸ்டைல்ல கெடையாது, ஃபைலுக்குள்ளயே உக்காந்திருக்கும், அதனால நீங்க ஸ்டைலை எத்தனை தடவை மாத்தினாலும் பழைய ஃபைலைத் திறந்தா பழைய 1 தான். அப்புறம் 2ன்னு மாத்துனா அதுக்கப்புறம் போடுற டைமென்ஷனுக்கு மட்டும்தான் வேலை செய்யும். ஏற்கனவே போட்டதை ஒட்ட வைக்க டிம்ரீஅசோசியேட் கமாண்ட் இருக்கு, ஒவ்வொண்ணா செலக்ட் பண்ணி அந்தந்த முனையைக் காட்டணும். கொஞ்சமா இருந்தா அழிச்சிட்டு புதுசா போடுறது வேகம்.

அடுத்தது 1800. அதைக் க்ளிக் பண்ணி கன்ட்ரோல் 1 அடிச்சு ப்ராபர்ட்டீஸ் பாருங்க. டெக்ஸ்ட்ங்கற பிரிவுல மெஷர்மெண்ட்னு ஒரு வரி, டெக்ஸ்ட் ஓவர்ரைடுன்னு ஒரு வரி இருக்கும். மெஷர்மெண்ட்ல 1650ன்னும் ஓவர்ரைடுல 1800ன்னும் இருக்கும் பாருங்க. யாரோ கையால 1800ன்னு டைப் அடிச்சு வெச்சிருக்காங்க. அதான் அம்பு நகருது, நம்பர் நகரல. அந்த ஓவர்ரைடு கட்டத்தைக் காலியாக்குனா நெசமான அளவு திரும்ப வந்திரும். கூட ஏதாவது எழுதணும்னா, "உள் அளவு"ன்னு வெச்சுக்குவோம், கோண அடைப்பு ரெண்டையும் ஒட்டி அடிச்சு அதுக்குப் பக்கத்துல எழுதுங்க, அந்தக் குறி இருக்குற இடத்துல அளந்த நம்பர் உயிரோட நிக்கும்.

இந்த கையால அடிக்கிற பழக்கத்தை நான் வேலை பாக்குற எடத்துல பாத்தா செக்கர் ட்ராயிங்கைத் திருப்பி மூஞ்சியில எறிஞ்சிருவாரு. வரைஞ்சவன் வசதிக்கு அவசரத்துல ஒரு நம்பரை அடிச்சிட்டுப் போயிருவான், அப்புறம் அந்த ஃபைல் பத்து கை மாறும், கோடு ஒண்ணு சொல்லும் எழுத்து ஒண்ணு சொல்லும், நடுவுல மாட்டுறது தகடு வெட்டுறவன்.

ஒண்ணுல மட்டும் இருக்குன்னு நெனைக்காதீங்க. ஒரு இடத்துல பண்ணுனவர் நாலு இடத்துல பண்ணியிருப்பாரு, எல்லா டைமென்ஷனையும் க்ளிக் பண்ணிப் பாத்திருங்க. அந்த 1:5 டீட்டெயிலையும் பாருங்க, பழைய ஆளுங்க டீட்டெயிலை காப்பி எடுத்து ஸ்கேல் கமாண்ட்ல நாலு மடங்கு பெரிசாக்கி வெச்சிட்டு, டைமென்ஷன் ஸ்டைல்ல ப்ரைமரி யூனிட்ஸ் டேப்ல ஸ்கேல் ஃபேக்டரை 0.25ன்னு போட்டு நம்பரை சரிக்கட்டுவாங்க. டிம்எல்ஃபேக்னு பேரு. அந்த ஸ்டைல்லயே மெயின் வ்யூவுக்கு டைமென்ஷன் போட்டீங்கன்னா 1650 இருக்க வேண்டியது 412.5ன்னு வரும்.

எழுத்து சின்னதா வர்றது மூணாவது. ஆட்டோகேட்ல கூடவே வர்ற ஐஎஸ்ஓ-25 ஸ்டைல்ல எழுத்து உயரம் 2.5. அது பேப்பர்ல 2.5 மி.மீ. மாடல்ல அப்படியே போட்டா 1:20ல பிரிண்ட் ஆகும்போது 0.125 மி.மீ ஆயிரும், புள்ளிதான் வரும். என் வழக்கம் என்னன்னா டைமென்ஷன் எல்லாத்தையும் லேஅவுட்லயே போட்டிருவேன். எழுத்து உயரம் 3.5, ஓவரால் ஸ்கேல் 1, ஒரே ஸ்டைல், 1:20 வ்யூவுக்கும் அதான் 1:5 டீட்டெயிலுக்கும் அதான். வ்யூபோர்ட்டை மட்டும் லாக் பண்ணிருங்க, இல்லாட்டி தெரியாம உள்ள போயி மவுஸ் வீலை உருட்டுனா படம் ஒரு பக்கம் டைமென்ஷன் ஒரு பக்கம். அப்படி ஆயிட்டா டிம்ரீஜென் அடிங்க, ஒட்டியிருக்கறது எல்லாம் எடத்துக்கு வந்திரும்.


தெற்குவாடி தம்பி:

காக்கா, நீங்க நேர்ல பாத்த மாதிரி சொல்லிட்டீங்க. டிம்அசோக் 1. மெஷர்மெண்ட் 1650, ஓவர்ரைடு 1800. 2ன்னு மாத்திட்டு லேஅவுட்ல போட்டா டாண்ணு 1650 வருது. வேற ரெண்டு இடத்துலயும் கையால அடிச்சிருக்கு, அகலத்துக்கு ஒண்ணு, அடி அகலத்துக்கு ஒண்ணு. அதுலயும் எழுத்துல இருக்குறது கோட்டை விட சரியா 150 கூட.

அகலம் மேல 1200, அடியில 900, ஆழம் 850, இது கோட்டுல அளந்தது. எல்லாத்துலயும் அதே 150 கூட இருக்கறதைப் பாத்தா தப்பா அடிச்ச மாதிரியும் தெரியல. இப்ப எந்த நம்பரை மேஸ்திரிகிட்ட குடுக்கறது?


தொண்டி ட்ராஃப்டர்:

காக்கா சொன்னதுல டிம்அசோக், ஓவர்ரைடு எல்லாம் கரெக்ட், ஆனா டைமென்ஷனை லேஅவுட்ல போடுங்கன்னு சொன்னதை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். ஃபைலை யாருக்காவது அனுப்பும்போது பாதிப் பேரு மாடல் ஸ்பேஸை மட்டும்தான் பாப்பாங்க, லேசர் கட்டிங் கடைக்காரர் லேஅவுட் டேப்பைத் தொடவே மாட்டாரு. அவருக்கு டைமென்ஷனே இல்லாத படம் போகும், அப்புறம் போன்ல உக்காந்து ஒவ்வொரு நம்பரா கேப்பாரு.

அன்னோடேட்டிவ் பழகுங்க தம்பி. டைமென்ஷன் ஸ்டைல்ல ஃபிட் டேப்ல அன்னோடேட்டிவ்னு ஒரு டிக் இருக்கு, அதைப் போட்டுட்டு எழுத்து உயரம் 3.5ன்னு வைங்க. கீழ ஸ்டேட்டஸ் பார்ல அன்னோடேஷன் ஸ்கேல் 1:20ன்னு செலக்ட் பண்ணிட்டு மாடல்ல டைமென்ஷன் போட்டா எழுத்து தானா 70 மி.மீ உயரத்துக்கு வரும், பேப்பர்ல 3.5. அதே டைமென்ஷன் 1:5 டீட்டெயில்லயும் தெரியணும்னா அதுக்கு 1:5 ஸ்கேலையும் சேத்து விடுங்க, அங்க 17.5ஆ மாறிக்கும், பேப்பர்ல அதே 3.5. எந்த வ்யூபோர்ட்டுக்கு எந்த ஸ்கேல் சேக்கலையோ அதுல அந்த டைமென்ஷன் வராது. சில பேரு "டைமென்ஷன் காணாமப் போச்சு"ன்னு அலறுறது இதனாலதான், காணாமப் போகல, ஸ்கேல் சேக்கல.

அப்புறம் அன்னோமானிட்டர்னு ஒண்ணு இருக்கு, அதை ஆன் பண்ணி வைங்க. கோட்டை விட்டுப் பிரிஞ்சு போன டைமென்ஷன் மேலயெல்லாம் மஞ்சக் கலர்ல ஆச்சரியக்குறி காட்டும். பழைய ஃபைலை வாங்கினா நான் முதல்ல பண்றது அதான். மேல ஒரே மஞ்சளா பூத்திருந்துச்சுன்னா அந்த ஃபைல் எந்த லட்சணம்னு தெரிஞ்சிரும்.


கீழக்கரை காக்கா (துபாய்):

தொண்டி தம்பி சொல்ற லேசர் கடை விஷயம் வாஸ்தவம்தான், மறுக்கல. ஆனா அன்னோடேட்டிவ்ல தேவையில்லாத ஸ்கேல் லிஸ்ட் சேந்து சேந்து ஃபைல் கனத்துப் போறதையும் பாத்திருக்கேன், நாலு பேரு கை வெக்கிற ஃபைல்ல அது தலைவலி. ஒருத்தரே வரைஞ்சு ஒருத்தரே பிரிண்ட் எடுக்குற வேலைன்னா ரெண்டும் ஒண்ணுதான். ஒரே ஃபைல்ல பாதி அங்க பாதி இங்கன்னு மட்டும் போடாதீங்க.


மூக்கையூர் மேஸ்திரி:

தம்பி, நான் கம்ப்யூட்டர் ஆளு இல்ல. முப்பது வருசத்துக்கு மேல தகடு வளைக்கிற ஆளு, மூக்கையூர்ல பட்டறை. எங்க பட்டறைக்கும் இப்ப பசங்க கம்ப்யூட்டர் ட்ராயிங்தான் கொண்டாராங்க, அதனால சொல்றேன்.

நீ சொன்ன கணக்கைப் பாத்தவுடனே தெரிஞ்சு போச்சு. 1650 உள் அளவு, 1800 வெளி அளவு. ரெண்டு பக்கமும் 75, 75 பஃப் அடிச்சா 150. அகலத்துலயும் அதே 150 கூடுதுன்னு நீயே சொல்லிட்ட. வரைஞ்சவன் உள் பெட்டியை மட்டும் கோடு போட்டு வரைஞ்சிருக்கான், படகுக்காரர் "வெளி அளவு எவ்வளவு"ன்னு கேட்டிருப்பாரு, இவன் வெளிக்கோடு வரைய சோம்பேறித்தனப்பட்டு நம்பரை மட்டும் மாத்தி அடிச்சிட்டான். இது என் யூகம்தான், ஆனா பாத்துக்க, அப்படியே 1800க்கு நான் உள் தகடை வெட்டியிருந்தா வெளிய 1950 ஆகியிருக்கும், பெட்டி படகுக்குள்ள எறங்கவே எறங்காது. எஸ்எஸ் தகடு விக்கிற வெலைக்கு அந்த நட்டத்தை யாரு தாங்குறது.

அதனால ரெண்டு கோடும் போடு. உள்ள தகடு ஒரு கோடு, வெளிய ஃபைபர் ஒரு கோடு, நடுவுல பஃப்புக்கு கோடு கோடா அடிச்சு விடு, ரெண்டுக்கும் தனித்தனியா அளவு போட்டு எது உள்ள எது வெளியன்னு எழுதிரு. ஏழு வார்த்தை எழுதுறதுல கை ஒண்ணும் தேஞ்சு போயிராது.

அடுத்தது அந்தச் சரிவு. மேல 1200, அடியில 900, ஆழம் 850ங்கிற. அப்ப ரெண்டு பக்கமும் 150 உள்ள சரியுது, படகோட வயித்துக்கு ஏத்த மாதிரி. இதுக்கு கம்ப்யூட்டர் பசங்க என்ன பண்றாகன்னா கோணத்தை அளந்து 10.01 டிகிரின்னு எழுதிக் குடுக்குறாக. நான் அதை வெச்சு என்ன பண்ண? என்கிட்ட இருக்குறது டேப்பும் மூலைமட்டமும் சாக்பீசும். 850க்கு 150ன்னு எழுதிக் குடு, ரெண்டு புள்ளி வெச்சு நூல் புடிச்சிருவேன். இன்னொண்ணு, அந்தச் சாய்வுப் பக்கத்துக்கு நேரா 850ன்னு போட்டு விட்டீன்னா அது ஆழம், தகடோட நீளம் கெடையாது. சாய்வுல அளந்தா 863 வரும். 850க்கு வெட்டுனா 13 மி.மீ கொறஞ்சு போகும், அந்த இடைவெளியை வெல்டு வெச்சு ரொப்ப முடியுமா? பசங்க சொல்றாக அதுக்கு கம்ப்யூட்டர்ல நேர் அளவுக்கு ஒரு பட்டன், சாய்வுக்கு ஒரு பட்டன் தனித்தனியா இருக்காம். ரெண்டையும் போட்டு ரெண்டையும் காட்டு. வளைக்கிற ஓரத்துக்கு நாங்க சேத்துக்கிறது தனி.

வடிகால் ஓட்டை, மூடிக்கு கீல் மாட்டுற ஓட்டை எங்கங்கறதையும் ஒரே மூலையில இருந்து அளவு போடு. சில பேரு ஒண்ணுல இருந்து ஒண்ணுக்குன்னு சங்கிலி மாதிரி கோத்துக்கிட்டே போவாக, பாக்க அழகா இருக்கும். நான் ஒவ்வொண்ணா அளந்து கோடு போடுறப்ப தலைக்கு ஒரு மி.மீ முன்ன பின்ன போகும், எட்டு ஓட்டை வந்தா கடைசி ஓட்டை எட்டு மி.மீ தள்ளி நிக்கலாம். மூடிக்கு கீல் மாட்டுறப்ப போல்டு ஏறாது. ஒரே மூலையில டேப்பைக் கொக்கி மாட்டிட்டு வரிசையா குறிச்சா அந்தத் தப்பு சேராது.

மூலைக்கு மூலை அளவு ஒண்ணும் போட்டு விடு, மேல்வாய்க்கு. 1650க்கு 1200ன்னா 2040 வரணும். அதை அடைப்புக்குள்ள போடு, வெட்டுற அளவு இல்ல, சரி பாக்குற அளவுன்னு தெரியும். ரெண்டு மூலையும் அதே வந்தா பெட்டி கோணல் இல்லன்னு அர்த்தம்.

எல்லாத்துக்கும் முன்னாடி ஒண்ணு பண்ணு. அந்த ட்ராயிங் பழசுங்கிற. படகுல போயி டேப்பு புடி. ட்ராயிங்ல இருக்குறபடியா மரம் நிக்கும்? தடுப்புக்கும் தடுப்புக்கும் நடுவுல எவ்வளவு இருக்குன்னு மேலயும் அடியிலயும் அளந்துட்டு வா, அப்புறம் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காரு.

304 வேண்டாம் 316 போடச் சொல்லுன்னு படகுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிப் பாரு. உப்புத்தண்ணிக்கு 304 புள்ளி புள்ளியா அரிக்கும், 316ல மாலிப்டினம் இருக்கறதால அது தாங்கும். காசு கூட ஆகும்னு வேண்டாம்பாரு. சொல்றது நம்ம கடமை.


ராம்நாடு பாலிடெக்னிக்:

மேஸ்திரி அண்ணே, உங்க பதிவை எங்க வாத்தியாருக்கு அனுப்பலாம்னு இருக்கேன். எங்களுக்கு ட்ராயிங் க்ளாஸ்ல ஐஎஸ் 11669, எஸ்பி 46 (ட்ராயிங் போடுறதுக்கான இந்தியத் தர விதிங்க) எல்லாம் வரும், ஒரே அளவை ரெண்டு தடவை போடாதே, மறைஞ்ச கோட்டுக்கு அளவு போடாதே, அளவுக்கோடு ஒண்ணை ஒண்ணு வெட்டாம பாத்துக்கன்னு மனப்பாடம் பண்ணி எழுதுவோம், எதுக்குன்னு யாரும் சொன்னதில்ல.

நான் ஃப்ரீகேட்ங்கற இலவச சாஃப்ட்வேர்தான் யூஸ் பண்றேன், லைசென்ஸ் வாங்கக் காசு இல்ல. தம்பிக்கு வந்த 82.5 பிரச்சனை இதுல வராது, ஏன்னா டெக்ட்ராங்கற வொர்க்பெஞ்ச்ல வ்யூவுக்கு என்ன ஸ்கேல் வெச்சாலும் டைமென்ஷன் மாடல்ல இருந்துதான் நம்பரை எடுக்கும். எழுத்து அளவும் பேப்பர் மி.மீலதான், அதனால புள்ளி மாதிரி வர்ற கதையும் இல்ல. ஆனா வேற விதமா கடிக்கும். சாய்வா முப்பரிமாணமா தெரியிற வ்யூவுல டைமென்ஷன் போட்டா அது படத்துல குறுகித் தெரியிற நீளத்தைத்தான் சொல்லும், மெஷர்டைப்னு ஒரு ப்ராபர்ட்டி இருக்கு, ப்ரொஜெக்டட்னு இருக்குறதை ட்ரூன்னு மாத்தி 3டி கோட்டோட இணைக்கணும். இல்லாட்டி 1650 பெட்டிக்கு ஆயிரத்து முந்நூத்துச் சொச்சம்னு ஒரு நம்பர் வந்து நிக்கும், அது நெசம்னு யாராவது வெட்டிருவாங்க.

இன்னொண்ணு, மாடல்ல புதுசா ஒரு ஓட்டை போட்டா சில சமயம் டைமென்ஷன் வேற கோட்டுல போயி ஒட்டிக்கும். 2024 நவம்பர்ல வந்த 1.0 வெர்ஷன்ல அந்தத் தொல்லை நல்லாக் கொறைஞ்சிருக்கு, முழுசா போகல. டைமென்ஷனை ரிப்பேர் பண்ற டூல் இருக்கு, அதுல சரியான கோட்டைக் காட்டி விடலாம். கையால நம்பர் அடிக்கிற வியாதிக்கு இங்கயும் வழி வெச்சிருக்காங்க, ஆர்பிட்ரரின்னு ஒரு ப்ராபர்ட்டி, அதை ட்ரூ ஆக்குனா நீங்க என்ன எழுதுறீங்களோ அதான் வரும். யாராவது ஃப்ரீகேட் ஃபைல் குடுத்தா முதல்ல அதைத் தேடிப் பாருங்க.

நெஜமாவே உதவுறது எதுன்னா, பெட்டி அளவை எல்லாம் ஸ்ப்ரெட்ஷீட்ல வெச்சிரலாம். உள் நீளம் ஒரு கட்டம், பஃப் தடிமன் ஒரு கட்டம், வெளி நீளம் அதுல இருந்து கணக்கு. ஒண்ணை மாத்துனா மாடல், ட்ராயிங், டைமென்ஷன் எல்லாம் கூடவே மாறும்.


தெற்குவாடி தம்பி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மேஸ்திரி அண்ணே சொன்னபடி நேத்து சாயங்காலம் படகுல எறங்கி அளந்தேன். தடுப்புக்குத் தடுப்பு மேல 1815 இருக்கு, அடியில 1790 தான். அப்ப வெளி அளவு 1800ங்கறதும் உள்ள போகாது, அடியில 10 மி.மீ முட்டும். பழைய ட்ராயிங்ல எந்த நம்பரை எடுத்திருந்தாலும் மாட்டியிருப்போம்.

படகுக்காரர்கிட்ட பேசிட்டு உள் நீளத்தை 1630ன்னு வெச்சாச்சு. பஃப் 75, 75 சேந்து வெளிய 1780, அடியில பக்கத்துக்கு 5 மி.மீ இடைவெளி. அகலத்துக்கு இடம் தாராளமா இருக்கு, அதைத் தொடல. வெளிக்கோடு தனியா வரைஞ்சிட்டேன், மூணு ஓவர்ரைடையும் காலி பண்ணிட்டேன், பஃப்புக்கு ஹேட்ச் போட்டாச்சு. டைமென்ஷன் எல்லாத்தையும் லேஅவுட்ல போட்டேன் (தொண்டி அண்ணே மன்னிக்கணும், இது லேசருக்குப் போகல, கையால வெட்டுறதுதான்). ஸ்ட்ரெட்ச் பண்ணி 1650ஐ 1630 ஆக்குனப்ப நம்பர் தானா மாறுனதைப் பாக்க சந்தோசமா இருந்துச்சு. மூலைக்கு மூலை 2024, அடைப்புக்குள்ள. ஓட்டைக்கெல்லாம் பேஸ்லைன் டைமென்ஷன், ஒரே மூலையில இருந்து.

பேஸ்லைன் போடுறப்ப கோடெல்லாம் ரொம்ப நெருக்கி நின்னுச்சு, ஸ்டைல்ல பேஸ்லைன் ஸ்பேசிங் 3.75ன்னு இருந்ததை 8 ஆக்குனேன், இப்ப எழுத்து மேல எழுத்து ஏறல.

ஒரே ஒரு சந்தேகம். எங்க பட்டறை மேஸ்திரி அடி இஞ்சுலயும் எழுதிக் குடுன்னு கேக்குறாரு. ஆல்டர்னேட் யூனிட்ஸ் ஆன் பண்ணி ஆர்க்கிடெக்சுரல்னு வெச்சா 1630க்குப் பக்கத்துல 5 அடி 4 1/8 இஞ்சுன்னு வருது. அப்படியே விட்டுரலாமா?


கீழக்கரை காக்கா (துபாய்):

5 அடி 4 1/8 இஞ்சை மி.மீக்கு மாத்திப் பாருங்க தம்பி, 1628.8 வரும். எட்டுல ஒரு இஞ்சுக்கு ரவுண்டு பண்றதால ஒண்ணேகால் மி.மீ கிட்ட விழுங்குது. நீளம் ஒண்ணுக்கு சரி, ஓட்டைக்கு ஆகாது. உள் நீளம், உள் அகலம், ஆழம், இந்த மூணுக்கு மட்டும் இஞ்சு காட்டுங்க, அதுக்கு ஒரு தனி ஸ்டைல் காப்பி எடுத்து வெச்சுக்குங்க, மத்ததுக்கெல்லாம் ஆஃப். டைட்டில் ப்ளாக் (தாள் ஓரத்துல பேரு, ஸ்கேல் எழுதுற கட்டம்) மேல "மி.மீ அளவுப்படியே வெட்டவும்"னு ஒரு வரி எழுதிருங்க.


மூக்கையூர் மேஸ்திரி:

அவர் கேக்குறது ஐஸ் எத்தனை பார் புடிக்கும்னு கண்ணால கணக்குப் போட, வெட்டுறதுக்கு இல்ல. குடுத்துரு.

பிரிண்ட் எடுக்குற எடத்துல மட்டும் சூதானமா இரு. கடையில ஏ3 பேப்பர் இல்லன்னு ஏ4ல சுருக்கி அடிச்சுக் குடுத்துருவாக, பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும். எங்க பட்டறையில ஒரு பையன் அப்படி வந்த தாள்ல ஸ்கேல் வெச்சு அளந்து இருபதால பெருக்கிக்கிட்டு நின்னான்.


தெற்குவாடி தம்பி:

ஆமாண்ணே, ஏ4ல அடிச்சா 1:20ங்கறது 1:28 கிட்ட ஆயிரும், 3.5 எழுத்தும் 2.5 ஆயிரும். ஏ3 தாள் நானே வாங்கிட்டுப் போறேன். பிரிண்ட் செட்டிங்ல ஃபிட் டு பேப்பர் டிக்கை எடுத்துட்டு 1:1ன்னு வெச்சு பிடிஎஃப் போட்டாச்சு, டைட்டில் ப்ளாக்ல "அளந்து எடுக்கக் கூடாது, எழுதுன அளவையே பாக்கவும்"னும் சேத்துட்டேன். நாளைக்கு காலையில தகடு வெட்டுறாக.